பழைய படத்துக்கான சைகை

1

என் மகள் மித்ரா அந்த வியாழக்கிழமை சாயங்காலம் என்னிடம் கேட்டது என்ன?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அவள் வாய் திறந்து கேட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது. நாலு வயது முடிந்துவிட்டது. இன்னும் வாக்கியமாக எதுவும் பேசுவதில்லை. அன்று சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஒரு விரலைக் காட்டினாள். பிறகு வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, எதையோ முதுகுக்குப் பின்னால் எறிவதுபோல் வீசினாள். பிறகு என் சுடிதாரைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, என் உதட்டில் விரல் நுனியால் இரண்டு முறை தட்டினாள். தட்டிவிட்டுப் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்லூரி விடுதியில் சினிமாப் பெயர் கண்டுபிடிக்கிற விளையாட்டு ஆடியவர்களுக்கு முதல் இரண்டு சைகையும் உடனே புரிந்துவிடும். ஒரு விரல் என்றால் படத்தின் பெயரில் ஒரே ஒரு சொல். கையைப் பின்னால் வீசினால் பழைய படம். மூன்றாவது சைகை எந்த விளையாட்டிலும் கிடையாது. அது அவளுடைய சொந்தச் சைகை.

நாங்கள் இருப்பது டெல்லி கிட்வாய் நகரில், அரசு குடியிருப்பில். என் கணவர் சரவணன் மத்திய அரசில் வேலை பார்க்கிறார், தேனிக்காரர். நான் அருப்புக்கோட்டை. எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். மித்ரா கைக்குழந்தையாக இருந்தபோது இங்கே வந்தோம். டெல்லி வெளிநாடா என்று என் அண்ணன் கிண்டல் செய்வான். பாஸ்போர்ட் கேட்கவில்லை என்பதைத் தவிர எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

2

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதுதான் இங்கே எனக்கிருந்த ஒரே மகிழ்ச்சி.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்கள் மூன்றும் சுமதி அக்கா வீட்டில் கூடுவோம். சுமதி அக்காவும் ஞானசேகரன் அண்ணனும் வேலூர்ப் பக்கம். அவர்கள் மகள் நிலா இங்கேயே பிறந்தவள், எட்டாவது படிக்கிறாள். இன்னொரு குடும்பம் ஜெனிஃபரும் பென்னியும், நாகர்கோவில்காரர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். நவம்பர் வந்துவிட்டால் வெளியே புகை. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையை விரித்து அதன்மேல் உட்கார்ந்து, ஜெனிஃபர் கொண்டுவரும் ஏத்தங்காய் சிப்ஸைத் தின்றுகொண்டே ஆடுவோம்.

ஆண்கள் ஒரு அணி, பெண்கள் ஒரு அணி. பாட்டின் முதல் வரியைச் சொல்லிப் படம் கேட்பது, ஒரு காட்சியைச் சொல்லிப் படம் கேட்பது என்று தொடங்கும். கடைசியில் எப்போதும் டம்சிதான். எதிரணி நம்மில் ஒருவர் காதில் ஒரு படத்தின் பெயரைச் சொல்லும்; வாய் அசைக்காமல் நடித்துக் காட்ட வேண்டும்; நம் அணி கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்கென்று சில சைகைகள் உண்டு. கிட்டத்தட்டச் சரி என்றால் இரண்டு கைகளாலும் வா, வா என்று அழைப்பது. சரியான விடை வந்துவிட்டால் சொன்னவரை நோக்கி விரலை நீட்டி, அதே விரலால் தன் மூக்கு நுனியைத் தொடுவது.

ஞானசேகரன் அண்ணன் எந்தப் படம் எந்தத் தீபாவளிக்கு வந்தது என்று சண்டை போடுவார். பென்னிக்கு நடிக்கவே வராது. ஒரு தடவை அவர் கைகளை அலைபோல் ஆட்டிக்கொண்டே இருந்தார். அணிக்காரர்கள் ஒருவருக்கும் புரியவில்லை.

“இன்னா பென்னி, நடிக்கிறியா, கரண்ட் அடிச்சிடிச்சா?” என்றார் அண்ணன்.

நேரம் முடிந்ததும் பென்னி பாவமாகச் சொன்னார்: “கடலைக் காட்டுகேன் அண்ணே. உங்களுக்குச் சப்பாத்தி மாவாட்டு தெரியுகு.”

நிலா எங்களுடன் ஆட மாட்டாள். உள்ளறையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சத்தம் தாங்காமல் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்து, உங்கள் படத்து ஹீரோக்கள் எல்லாம் ஏன் இவ்வளவு புட்டாவாக, அதாவது கிழமாக, இருக்கிறார்கள் என்று இந்தியும் தமிழும் கலந்து கேட்டுவிட்டுப் போவாள். சுமதி அக்கா சிரிப்பார். சிரித்த பிறகு கொஞ்ச நேரம் அவர் ஆட்டத்தில் இருக்க மாட்டார்.

மித்ரா என் மடியில் இருப்பாள். அவள் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கைகளைப் பார்ப்பாள் என்பதை நான் வெகு நாள் கவனிக்கவில்லை.

3

எனக்கு இத்தனை படம் தெரிந்ததற்கு என் அண்ணன்தான் காரணம். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் சிடி கடை வைத்திருந்தான். வாடகைக்குக் கொடுக்கிற கடை. பள்ளி விட்டதும் நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படத்தின் பெயர் தெரியாது. மில்லில் ஷிஃப்ட் முடித்து வருகிற பெண்கள் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, அந்தத் தங்கச்சி கிணத்துல விழுவாளே, அண்ணன்காரன் தலையில அடிச்சுக்கிட்டு அழுவானே, அந்தப் படம் என்பார்கள். சிலர் சொல்லவும் கூச்சப்பட்டு நடித்துக் காட்டுவார்கள். தலையில் அடித்துக்கொள்வார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். அண்ணன் விழிப்பான். நான் எழுந்து போய் அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மதுரையில் விடுதியில் இருந்தபோது கரண்ட் போனால் மொட்டை மாடியில் டம்சி ஆடுவோம். என்னை எந்த அணியில் சேர்ப்பது என்று சண்டையே வரும். கண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கிறாள் என்பார்கள்.

பெயர் தெரியாமல் வந்து நிற்கிறவருக்கு வேண்டியதை எடுத்துக் கொடுப்பது என் ஒரே திறமை என்று நினைத்திருந்தேன். என் வீட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்ற ஒருத்திக்கு என்னால் கொடுக்க முடியவில்லை.

4

மித்ராவுக்கு மூன்று வயதானபோது ஏழெட்டுச் சொற்கள் இருந்தன. அம்மா, அப்பா, தா, பால், காக்கா, இன்னும் ஒன்றிரண்டு. பிளேஸ்கூலில் மற்ற பிள்ளைகள் இந்தியில் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். காது நன்றாகக் கேட்கிறது என்று சோதித்துச் சொன்னார்கள். பிறகு ஒரு தனியார் பேச்சுப் பயிற்சி மையத்துக்குப் போகத் தொடங்கினோம்.

அங்கே இருந்த பெண் நல்ல மாதிரி. அவரைக் குறை சொல்லவில்லை. குழந்தைக்கு வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, டிவியில் ஒன்று என்று மூன்று மொழி காதில் விழுகிறது. பேச்சு வரும்வரை ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பேசும் மொழி என்றால் நல்லது என்றார். தற்காலிகமாகத்தான் என்றார். வெளியே வந்ததும் நான் தயங்கினேன்.

“விடு ரேவதி. படிச்சவங்க சொல்றாங்க. இங்கதான இருக்கப் போறோம்” என்றார் என் கணவர்.

அன்று ராத்திரியிலிருந்து வீட்டில் குழந்தையிடம் இந்திதான் என்று முடிவாயிற்று. என் கணவரும் நானும் தமிழில் பேச வேண்டுமென்றால் அவள் தூங்கிய பிறகு.

என் இந்தி காய்கறிக்காரரிடம் கற்றது. பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டிய ‘ஆப்’ பள்ளி ஆயாவுக்கும், சின்னவர்களுக்குச் சொல்லும் ‘தும்’ தலைமை ஆசிரியைக்கும் போய்ச் சேர்ந்து, இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். அந்த இந்தியை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையை எப்படிக் கொஞ்சுவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆவோ, காவோ, மத் கரோ, ஸோ ஜாவோ. வா, சாப்பிடு, செய்யாதே, தூங்கு. ஒரு வருடத்துக்கும் மேலாக என் மகளுக்கு அம்மா என்றால் இந்த நான்கு கட்டளைகள்தான். வயிற்றைக் கிள்ளுகிறதா என்று கேட்க வேண்டும், போனில் தேடுவேன். தேடிக் கண்டுபிடித்துச் சொல்லும்போது அவள் வேறு பக்கம் திரும்பியிருப்பாள்.

இந்த விதியை மதிக்காதவர் ஒருவர் இருந்தார். வீட்டு வேலைக்கு வந்த முத்துலட்சுமி அக்கா. ஜங்புராவில் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் குடியிருந்தார். எவ்வளவு சொன்னாலும் சரிம்மா, சரிம்மா என்பார். பாத்திரம் கழுவிக்கொண்டே மித்ராவிடம் தமிழில் பேசிக்கொண்டிருப்பார். நான் கேட்காததுபோல் துணி மடித்துக்கொண்டிருப்பேன். போன வருடம் கேம்ப்பை இடித்தார்கள். அவர்கள் குடும்பத்துக்கு ஊரின் மறுகோடியில், நரேலாவில் வீடு என்றார்கள். அங்கிருந்து இங்கே வேலைக்கு வந்து போக முடியாது. கடைசியாக வந்த அன்று மித்ராவைத் தூக்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அதற்குப் பிறகு அவள் காதில் தமிழ் விழுவது சனிக்கிழமை மட்டும்தான். அதுவும் அவளிடம் பேசுவதில்லை, அவள் தலைக்கு மேல் நாங்கள் பேசிக்கொள்வது. அந்த ஏழெட்டுச் சொற்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எது எப்போது போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை. காக்கா கடைசி வரை இருந்தது.

இந்தியும் வரவில்லை. வேண்டாம் என்பதற்கு நஹி என்கிறாள். தண்ணீருக்குப் பானி என்கிறாள். அவ்வளவுதான்.

அண்ணன் வீடியோவில் கூப்பிடுவான். அவனுக்கு இந்தி ஒரு சொல் தெரியாது. “ஏ ரேவதி, எம் மருமககிட்ட நான் என்ன பாஷைலதான் பேச? உன் வீட்டுக்காரர்ட்ட கேட்டுச் சொல்லு” என்றான் ஒருநாள். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு அவன் பேசுவதில்லை. யானை மாதிரி கையை ஆட்டுவான், காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுவான். தாய்மாமனும் மருமகளும் ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளி உட்கார்ந்து ஊமை நாடகம் ஆடிக்கொண்டிருப்பார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நடுவில்.

5

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

மூன்று சைகையும் காட்டிவிட்டு அவள் நின்றதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் மகள் என்னிடம் ஏதோ கேட்கிறாள், வரிசையாக, யோசித்துக் கேட்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

தண்ணீர் கொடுத்தேன். தள்ளிவிட்டுக் கையைப் பின்னால் வீசினாள். பழைய நீலத் தம்ளரில் கொடுத்தேன். மறுபடி வீசினாள். பிஸ்கட், உதட்டுக்குத் தடவுகிற வாசலின், முன்பு குடித்த பால் புட்டி, பரணில் கிடந்த பொம்மை, எல்லாவற்றையும் எடுத்து வந்தேன். ஒவ்வொன்றுக்கும் கை பின்னால் போயிற்று. பழசு, பழசு, இன்னும் பழசு. பிறகு மறுபடி என் உதட்டில் இரண்டு தட்டு. க்யா சாஹியே, க்யா சாஹியே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என்ன வேண்டும் என்று கேட்க எனக்கு வேறு இந்தி தெரியாது. கடைசியில் அவள் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. ஆட்டத்தில் நேரம் முடிந்துவிட்டால் நாங்கள் உட்காருவோமே, அப்படி.

அப்புறம்தான் யோசித்தேன். சாப்பாடு ஊட்டும்போது முத்துலட்சுமி அக்கா அவள் உதட்டில் தட்டி, ஆ காட்டு என்பார். அக்காவைக் கேட்கிறாளா? அல்லது சும்மா எங்கள் விளையாட்டைப் பார்த்துச் செய்கிறாளா? அல்லது... இதை எழுதவே பயமாக இருக்கிறது. உன் வாயில் முன்பு இருந்தது எங்கே என்று கேட்கிறாளா? பழைய பேச்சைப் பேசு என்கிறாளா?

ராத்திரி அவள் தூங்கிய பிறகு என் கணவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “நாலு வயசுப் புள்ள அவ்வளவு யோசிக்குமா? நீ படமாப் பாத்துப் பாத்து எல்லாத்துலயும் கதை தேடுற” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். நான் தேவையில்லாததைத் தேடுகிறவள்தான். கேஸை மூடினேனா என்று மூன்று தடவை பார்க்கிறவள்.

6

அந்தச் சனிக்கிழமை மித்ராவுக்குச் சளி. போக வேண்டாமா என்று கதவைப் பூட்டிய பிறகும் யோசித்தேன். போனோம்.

ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்கு ஆண்கள் அணி படத்தைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. நடுவில் இடம் காலியாக இருந்தது. மித்ரா என் மடியிலிருந்து இறங்கி அங்கே போய் நின்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் ஒரு விரலைக் காட்டினாள்.

“ஒரு சொல்!” என்றது கூட்டம்.

கையைப் பின்னால் வீசினாள். “பழைய படம்!” ஞானசேகரன் அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் ஆளும்மா இவ, எங்க டீமுக்குக் கொடுத்துடு என்றார். அடுத்து அவள் சுமதி அக்காவிடம் போய், அவர் உதட்டில் இரண்டு முறை தட்டினாள்.

பெயர்கள் கொட்டின. ஒரே சொல்லில் உள்ள பழைய படங்கள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையும் வந்தன. பென்னி ஒன்று சொல்ல, ஜெனிஃபர் மறுக்க, சுமதி அக்கா பாட்டாகவே பாடிக் காட்டினார். மித்ரா ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டு நடுவில் நின்றாள். இத்தனை பேர் அவளைப் பார்த்துத் தமிழில் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பெயர்கள் தீரத் தீர, அவள் மறுபடி மறுபடி கையைப் பின்னால் வீசினாள். நிறுத்தாதீர்கள் என்பதுபோல.

“உதட்டத் தட்டுறா, பேச்சில்ல. ஊமப் படம்!” என்றார் ஞானசேகரன் அண்ணன். சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டார். சுமதி அக்கா அவரைப் பார்த்த பார்வையை நான் பார்க்காததுபோல் இருந்தேன். அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆட்டத்தின் வேகத்தில் வந்தது. ஆனால் அறை அடங்கிவிட்டது.

அந்த அமைதியில் என் கணவர் முழங்காலில் நகர்ந்து அவளிடம் போனார். அவரும் ஆட்டத்தின் வேகத்தில்தான் இருந்தார். அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“என்னடா பட்டு? எது பழசு? அப்பாவுக்குச் சொல்லு.”

பட்டு என்று அவர் அவளைக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. மித்ரா அசையாமல் அவரைப் பார்த்தாள். பிறகு ஒரு கையை உருவிக்கொண்டாள். விரலை அவரை நோக்கி நீட்டினாள். அந்த விரலைக் கொண்டுவந்து தன் மூக்கு நுனியைத் தொட்டாள்.

சத்தம் நின்றதால் எட்டிப் பார்க்க வந்த நிலா, உள்ளறை வாசலில் சாய்ந்து நின்றபடி சொன்னாள்: “அங்கிள், அவ சஹி போல் ரஹி ஹை. நீங்க சொன்னது கரெக்ட்டாம்.”

“இன்னா சொன்னாரு? அவரு படமே சொல்லலியே” என்றார் ஞானசேகரன் அண்ணன்.

நிலா தோளைக் குலுக்கினாள். “பதா நஹி, எனக்குத் தெரியாது. ஆனா கரெக்ட்னுதான் காட்டினா.”

என் கணவரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எந்த மொழியில் பேசிவிட்டோம் என்று அவருக்கு நினைவு வந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். “நாக் ஸாஃப் கரோ, பேட்டா” என்று இந்திக்கு மாறி அவள் மூக்கைத் துடைத்தார். மூக்கு நிஜமாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. மித்ரா துடைக்கக் கொடுத்தாள். பிறகு திரும்பி வந்து என் மடியில் ஏறி, முகத்தை என் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

“பிள்ளைக்கு மேலுக்குச் சொகம் இல்ல. கொண்டு போய் கிடத்துங்கக்கா” என்றாள் ஜெனிஃபர். நாங்கள் கிளம்பினோம்.

லிஃப்டில் மித்ரா என் தோளில் தூங்கிவிட்டாள். அவராகவே சொன்னார், “சளி ஒழுகுது. தொட்டா. அவ்வளவுதான்.”

“விரல உங்களப் பாத்து நீட்டினாளே.”

“ரேவதி, வேணாம்” என்றார். வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவப் போனவர் வெகு நேரம் குழாயை மூடவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மித்ரா எந்தச் சைகையும் காட்டவில்லை. விரலும் இல்லை, கை வீசுவதும் இல்லை. வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறாள். குழந்தை குழம்புகிறாள், கொஞ்ச நாள் கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்றார் என் கணவர். போவதில்லை. சனிக்கிழமைகளில் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அவர்கள் நால்வர் மட்டும் எப்படி அணி பிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

7

இதற்கிடையில் பள்ளிச் சேர்க்கை வந்துவிட்டது. விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, குழந்தை தமிழ் பேசுமா என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றேன். இந்தி? இல்லை. வீட்டில் என்னதான் பேசுகிறது என்றார். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. “தோ க்யா லிக்கூம், மேடம்?” அப்படியென்றால் நான் என்ன எழுதட்டும் என்று கேட்டார். இந்தி என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அடுத்த மாதம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், பார்த்துப் பேசுவார்களாம்.

போன வாரம் மனசு கேட்காமல் ஒரு அரசு மருத்துவமனைக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் டோக்கன் வாங்கி மத்தியானம்தான் உள்ளே விட்டார்கள். அந்த டாக்டர் எல்லாம் கேட்டார். ஏன் உங்கள் மொழியை நிறுத்தினீர்கள், மொழியைக் குறைத்தால் பேச்சு கூடும் என்று ஒன்றும் இல்லை, உங்களுக்கு எதில் வாய் நிறையப் பேச வருமோ அதில் நிறையப் பேசுங்கள், பயிற்சியையும் விடாதீர்கள் என்றார். இன்னும் கேட்க எனக்கு எவ்வளவோ இருந்தது. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டில் சொன்னேன். பயிற்சி மையத்துப் பெண் வாரா வாரம் மித்ராவைப் பார்க்கிறார், இவர் ஒரு டீ குடிக்கிற நேரம் பார்த்தார். யாரை நம்புவது என்று கேட்டார் என் கணவர். நியாயமான கேள்விதான். பள்ளி முடிவு தெரிகிற வரை எதையும் மாற்ற வேண்டாம் என்கிறார். அவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் தூங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, காலை அமுக்கிவிட்டுக்கொண்டே மெதுவாக ஏதோ பேசுவார். நான் அறைக்குள் போனால் நிறுத்திவிடுவார். அது எந்த மொழி என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் தைரியம் இருந்தால் இதை ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். அவர் ஆபீஸ் போன பிறகு மித்ராவை எதிரே உட்கார வைத்து, தமிழில் நான்கு வார்த்தை பேசி, அவள் விரல் மூக்குக்குப் போகிறதா என்று பார்க்கலாம். சளியும் விட்டுவிட்டது. ஆனால் போனால் என்ன செய்வேன்? இத்தனை மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்ததை நாங்களே பூட்டி வைத்திருந்தோம் என்று ஆகிவிடும். போகாவிட்டால்? அவளுக்குத் தமிழும் மறந்துவிட்டது என்று ஆகும். இரண்டையும் தாங்க இப்போது எனக்குத் தெம்பில்லை. அதனால் ஆவோ, காவோ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். பேச்சுத் தாமதமான குழந்தையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். உங்களில் யாராவது வீட்டு மொழியை நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்திருக்கிறீர்களா? எடுத்தபோது குழந்தை என்ன செய்தது? பள்ளிக்குப் போய் நிற்க இன்னும் ஒரு மாதமே இருக்கும்போது மாற்றினால் அவளுக்கு இன்னும் சிரமமா, அல்லது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாதா? பயிற்சி மையமும் டாக்டரும் இரண்டு மாதிரி சொல்லும்போது, நல்லது நினைத்துப் பயப்படுகிற ஒரு அப்பாவிடம் இதை எப்படிப் பேசுவது? சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவளை மறுபடி அழைத்துப் போகலாமா? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பதிலைத் தமிழில் எழுதுங்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள். நான் அதை வாய்விட்டுப் படிப்பேன். படிக்கும்போது மித்ரா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.